குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம்!

நேற்று கடலூர் போய், அங்கே இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். வழி, செலவு எல்லாம் வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஆட்டோ கதையைச் சொல்லாமல் மனசு ஆறாது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை இருக்கும் தேவனாம்பட்டினத்துக்கு ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். நாலைந்து கிலோமீட்டருக்கு! பேரம் பேசி இருநூறுக்கு வந்தார், அதுவே கொள்ளை. "கோட்டையா? அங்க ஒண்ணுமே இல்ல சார், சில்வர் பீச்சுக்குப் போங்க" என்று வழியெல்லாம் அதே பேச்சு.

ஒன்றுமே இல்லையா? 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி 1752 வரை தலைமையிடமாக வைத்திருந்தது இந்த செயின்ட் டேவிட் கோட்டையைத்தான். ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து தப்பி ஓடிவந்து சேர்ந்ததும் இங்கேதான்.

எனக்குப் பிடித்தது கோட்டை கைமாறிய கதை. 1690. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருக்கிறார். முகலாயப் படை நெருக்குகிறது, பணத்துக்குத் தட்டுப்பாடு. கோட்டையைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். கூடவே எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை! வெவ்வேறு திசைகளில் சுட்டார்கள். கடலூரே அந்த எல்லைக்குள் அடங்கிப்போனது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்கு குண்டு கிராமம் என்றே பெயர். அங்கே உழுதுகொண்டிருந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? நினைத்தாலே வயிறு எரிகிறது.

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். மிச்சத்துக்கு வழி காட்டியது ஒரு மீன்கார அம்மா. "அந்த இடிஞ்ச செவுருதானே தம்பி, இப்படியே ஆத்தோரமா போ." கெடிலக்கரையில் புதர் மண்டிக் கிடக்கிறது. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்புக் காரை பொடியாக உதிர்கிறது, செங்கல் இடுக்கில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. காலடியில் உடைந்த பாட்டில்கள். நான் போன பக்கம் ஒரு விவரப் பலகைகூடக் கண்ணில் படவில்லை. இவ்வளவு பெரிய சரித்திரத்தை இப்படியா போட்டுவைப்பது?

பசி வேறு. கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சாப்பாடு நூறு ரூபாய், சங்கரா மீன் வறுவல் தனியாக எண்பது. புளியும் மிளகாயும் தூக்கலாக, முந்தின நாள் வைத்த மாதிரி ஊறிய குழம்பு. ரெண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். வறுவல் கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்தது. ஆட்டோவுக்குப் போன காசைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் போங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னாலேயே கூலியைப் பேசிவிடுங்கள்.