முதல் டிஎஸ்எல்ஆர்: கேனானா, நிக்கானா?

ராமேஸ்வரம் பக்கத்து எங்கள் மண்டபம் ஊரில் யாரைக் கேட்டாலும் அவரவர் கையில் இருக்கும் கேமராதான் நல்லது என்பார்கள். என் முதல் டிஎஸ்எல்ஆரில் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) நான் படமெடுக்க நினைத்தது பூநாரையை (ஃபிளமிங்கோ). வாடைக்காற்றுக் காலத்தில் தனுஷ்கோடி ரோட்டில், கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள தண்ணீரில் கூட்டமாக நிற்கும். கிட்டப் போனால் பறந்துவிடும். அதனால் பிராண்டை விட்டுவிட்டு லென்ஸிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போது என் பட்ஜெட்டுக்குள் வந்தவை கேனான் 1500டி, நிக்கான் டி3500. இரண்டும் 24 மெகாபிக்சல். படத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவர கேனானுக்கு 55-250 எம்எம் லென்ஸ், நிக்கானுக்கு 70-300; எண் கூடினால் பறவை பெரிதாகத் தெரியும். படத்தைப் பதியும் சென்சார் இவற்றில் சின்னது என்பதால் லென்ஸின் எண்ணை கேனானில் 1.6 மடங்கு, நிக்கானில் 1.5 மடங்கு என்று கணக்குப் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் கேனானின் 250 என்பது 400, நிக்கானின் 300 என்பது 450. நொடிக்கு கேனான் 3 படம், நிக்கான் 5. பூநாரை எழும்பும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு தெரியும். அந்தக் கணத்துக்கு 5 வேண்டும் என்று பட்டது.

ராமநாதபுரத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, நாளைக்கு இரவல் லென்ஸுக்கு எங்கிட்டதான வருவ? கேனான் வாங்கு" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 1987-லிருந்து வரும் கேனான் ஈஎஃப் லென்ஸ்களுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உண்டு. எந்த கேனான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினாலும் ஓடும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களோ கேமரா பாடியில் இருக்கும் மோட்டாரை நம்பியவை; டி3500 பாடியில் மோட்டார் கிடையாது. கடையில் பழைய 50 எம்எம் ஏஎஃப்-டி லென்ஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். பட்டனை அரை அழுத்து அழுத்தினால் லென்ஸில் ஓர் அசைவும் இல்லை. வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் கொண்டுவர முடிந்தது. பழைய லென்ஸ் தேடி வாங்க நினைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், கேனான் பக்கமே போகலாம். எனக்கு 70-300 ஒன்றே போதும் என்பதால் நிக்கானை எடுத்தேன். கைப்பிடி ஆழமாக இருப்பதும் பிடித்திருந்தது. வியர்த்த கையிலும் நழுவாது.

நம்ம கரைக்கு இரண்டு கேமராவும் ஒன்றுதான்: உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் தனிக் காப்பு எதிலும் இல்லை. தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனையில் லென்ஸைக் கழற்றவே கூடாது, மணல் உள்ளே புகுந்து சென்சார் வரை போய்விடலாம். வீட்டிலேயே 70-300-ஐ மாட்டி, முன்னால் யுவி ஃபில்டர் போட்டுக் கிளம்புகிறேன். திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி.

செகண்ட் ஹேண்டில் நிக்கான் தேடுபவர்கள் ஒன்று பாருங்கள்: என் 70-300 மாதிரியான புது ஏஎஃப்-பி வகை லென்ஸ் டி90 மாதிரிப் பழைய நிக்கான் பாடியில் வேலை செய்யாது. லென்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.