ஆய்வேட்டின் கேள்வியை யார் எழுதுவது? குடியாத்தத்தில் கற்றவை

முதுகலைச் சமூகப்பணியில் ஆய்வேடு தொடங்கவிருக்கும் மாணவியருக்காக இதை எழுதுகிறேன். பெண்களைப் பற்றிய தலைப்பை எடுத்துக்கொண்டாலே அது பெண்ணிய ஆய்வாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் சென்ற முதல் நாளிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அவர்களில் ஓர் அக்கா திண்ணையில் அமர்ந்திருந்தார். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “வேலைக்கெல்லாம் எங்க கண்ணு போறேன், வூட்லதான் சும்மா கீறேன்” என்றார். படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று குறித்துக்கொண்டேன். மாலையில் அதைப் பார்த்த என் வழிகாட்டிப் பேராசிரியை கேட்டது ஒன்றே: “இதைச் சொல்லும்போது அவங்க கை என்ன செஞ்சுகிட்டு இருந்தது?” என்னிடம் பேசி முடிப்பதற்குள் அந்த அக்கா ஒரு கட்டுப் பீடி சுற்றி நூல் கட்டியிருந்தார்.

ஆந்திரத்தின் நரசாபுரத்தில் வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது: அவர்களை இல்லத்தரசிகள் என்று கருதுவதாலேயே அவர்களுடைய உழைப்பை உழைப்பாகக் கணக்கிடாமல் மிகக் குறைந்த கூலிக்கு வாங்க முடிகிறது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரையும் 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் தொழிலாளியாக ஏற்றுக்கொண்ட நாட்டில், என் படிவம் அந்த அக்காவைத் தொழிலாளர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது.

அதன்பின் கேள்விகளை அந்தப் பெண்களோடு அமர்ந்தே மாற்றினோம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்தவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னோம். கூலி எவ்வளவு என்பதைவிட, சரியில்லை என்று ஒதுக்கப்படும் பீடிக்கு யார் கணக்கு வைக்கிறார் என்று கேளுங்கள் என்றார்கள். ஒருவருடைய தொழிலாளர் அட்டையின் பெயரில் தாயும் மகளும் மருமகளும் சுற்றும்போது வருங்கால வைப்பு நிதி யாருக்குச் சேர்கிறது என்ற கேள்வியும் அவர்கள் தந்ததே. இவ்விரண்டும் என் முதல் படிவத்தில் இல்லை.

ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையிலுள்ள அதிகாரத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இளங்கலையில் நாங்கள் வெயிலில் அலைந்து திரட்டிய தரவு, எங்களில் ஒருவர் பெயர்கூட இல்லாமல் கட்டுரையாக வெளிவந்தது. அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆகவே இம்முறை தொடக்கத்திலேயே, கட்டுரை வந்தால் யார் பெயர் எந்த வரிசையில், பேருந்துச் செலவு யாருடையது, ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பேராசிரியையும் நானும் கையெழுத்திட்டோம். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேட்டுவிடுங்கள். நேரமும் அப்படி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியதே. சரக்கை ஒப்படைத்துவிட்டு அந்தப் பெண்கள் ஓய்வாகப் பேசக்கூடியது மாலையில்தான். விடுதிக் கதவோ ஆறரைக்கு மூடிவிடும். பேராசிரியை விடுதிக்குக் கடிதம் தந்ததோடு நிற்காமல் மாலைச் சந்திப்புகளுக்கு உடன் வந்தார், ஆனால் பேச்சில் குறுக்கிடவில்லை.

வாய்மொழித் தேர்வில் “இதில் புறவயத்தன்மை எங்கே?” என்று, அதாவது சொந்தச் சார்பு கலவாத பார்வை எங்கே என்று, கேள்வி பெரும்பாலும் வரும். ஆய்வாளர் தாம் நிற்கும் இடத்தையும் ஆய்வுக்கு உட்படுத்தும்போதுதான் புறவயத்தன்மை வலுப்பெறுகிறது என்று பெண்ணிய மெய்யியலாளர் சாண்ட்ரா ஹார்டிங் வாதிட்டதைச் சொல்லி, ‘இல்லத்தரசி’ என்று எழுதிய அந்த முதல் படிவத்தையே எடுத்துக் காட்டினேன். அடித்துத் திருத்திய தாள்களைத் தூக்கி எறியாமல் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் அதே திண்ணையில் அதன் பகுதிகளைப் படித்துக் காட்டினோம். மருமகளைப் பற்றித் தாம் சொன்ன ஒரு வரியை மட்டும் எடுத்துவிடும்படி அந்த அக்கா கேட்டார். ஆய்வுக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய வரி அது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அடித்தேன்.