தக்கோலம் முதல் மேல்பாடி வரை

ஜனவரி 18

காட்பாடியில் ரயிலேறி அரக்கோணம், அங்கிருந்து பஸ்ஸில் தக்கோலம். சம்பந்தர் திருவூறல் என்று பாடிய தலம். ஜலநாதீஸ்வரர் கோயில் தட்சிணாமூர்த்தி ஒரு காலைக் குத்திட்டு அமர்ந்திருக்கிறார். வேறெங்கும் இப்படிப் பார்த்த நினைவில்லை. ஆனாலும் நான் வந்தது போருக்காக. 949-இல் இங்கேதான் தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூடர் படை சோழர் படையை முறித்தது. முதலாம் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மீதிருந்தபடியே, ராஷ்டிரகூடருக்குத் துணை நின்ற கங்க மன்னன் பூதுகனின் கையால் மாண்டான். ‘ஆனைமேல் துஞ்சின (இறந்த) தேவர்’ என்று பிறகு அவனைக் குறித்தார்கள். எந்தப் பக்கம் போர் நடந்தது என்று கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டேன். "போரா? எங்க தாத்தா காலத்துலகூட கேட்டதில்லப்பா" என்றார்.

ஜனவரி 19

திருவல்லம். வில்வநாதேஸ்வரர் கோயில் நந்தி இறைவனுக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து நிற்கிறது. குருக்களுக்குத் தீர்த்தம் கொண்டுவர விடாமல் தொல்லை தந்த அசுரனைத் தடுக்கத் திரும்பியதாம். வாணர்கள் என்ற அரச குலத்தார் ஆண்ட வாணபுரம் இதுவே. கூட்டம் அதிகம், சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 20

மேல்பாடி. பொன்னையாற்றங்கரை ஊர். தக்கோலத்தில் வென்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பத்து ஆண்டுகள் கழித்தும் இந்தப் பக்கம்தான் இருந்தான். 959-இல் அவன் வெளியிட்ட கர்ஹாட் செப்பேடு, மேல்பாடியில் பாளையம் இறங்கியிருந்தபோது கொடுத்தது. சோழருக்குத் தொண்டை மண்டலம் கைவிட்டுப் போன காலம். ‘கச்சியும் (காஞ்சியும்) தஞ்சையும் கொண்ட’ என்று அவன் கல்வெட்டுகளில் பட்டம் போட்டுக்கொண்டான்.

பகைவன் கூடாரமடித்த அதே ஊரில்தான் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னனின் நினைவுக் கோயில், எடுப்பித்தான். அரிஞ்சயன் ராஜாதித்தனின் தம்பி, சுந்தர சோழனின் தந்தை. ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்பது அவனுக்குரிய பெயர். ஆட்சி சில காலமே. பாட்டன் இறந்தபோது ராஜராஜன் சிறுவனாகத்தான் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். கேள்விப்பட்ட தோல்வியைத்தான் அவன் சுமந்திருக்க வேண்டும்.

சோமநாதேஸ்வரர் கோயிலில்தான் ஊர்க்காரர்கள் விளக்கேற்றுகிறார்கள். கல்வெட்டுகளில் அதன் பெயர் சோழேந்திரசிங்க ஈஸ்வரம். பள்ளிப்படையான அரிஞ்சிகை ஈஸ்வரம் சிறியது. தஞ்சாவூரில் இருநூறு அடிக்கு மேல் விமானம் எழுப்பியவன், பாட்டனுக்கு இவ்வளவு அடக்கமாகக் கட்டியிருக்கிறான். எனக்கு இதுவே பெரிய கோயிலைவிடப் பிடித்துப்போனது. தஞ்சையில் ராஜராஜன் என்ற பேரரசன் தெரிகிறான், இங்கே பேரன் தெரிகிறான்.

கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. வெயில் சாய்வாக விழும் மாலையில் எழுத்துகள் தெளிந்து வருகின்றன, உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. போகிறவர்கள் மூன்று மணிக்குமேல் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள், எழுத்தைப் படிக்க அது தேவையே இல்லை.

சாவி வைத்திருந்த பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "தாத்தாவுக்குப் பேரன் கட்னதுன்னு சொல்லுவாங்க. எங்க பசங்களுக்கும் சொல்லியிருக்கேன்" என்றார். தக்கோலத்தில் யாருக்கும் நினைவில்லாதது இங்கே இவருக்குத் தெரிந்திருக்கிறது. ராஜராஜன் செலவிட்ட கல் வீண்போகவில்லை.

அடுத்த வாரம் வேலூருக்குப் பக்கத்துச் சோழபுரம் போகலாமென்று இருக்கிறேன். ராஜாதித்தன் மாண்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு.