பகலில் வேட்டையாடும் குட்டி ஆந்தை

ஆந்தை என்றாலே ராத்திரிதான் என்று நினைப்பவர்களிடம் ஃபாரஸ்ட் ஆவ்லட் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மத்திய, மேற்கு இந்தியாவின் தேக்குக் காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சுமார் 23 செ.மீ. இருக்கும், நம்மூர்ப் புள்ளி ஆந்தை அளவுதான், ஆனால் உச்சந்தலையில் புள்ளிகள் அவ்வளவாகத் தெரியாது, மார்பில் அடர்ந்த பழுப்பு, அதற்குக் கீழே வயிறும் காலும் பளிச்சென்று வெள்ளை.

குளிர்கால காலைகளில் இலையுதிர்ந்த மரத்தின் உச்சிக் கொம்பில் வெயில் காயும். பிறகு அங்கிருந்தே தரையை நோட்டம் விடும். அரணையோ எலியோ அசைந்தால் போதும், வால் இடதும் வலதுமாக வெடுக் வெடுக்கென்று ஆடும், அடுத்த நொடி பாய்ந்துவிடும். பொந்தில் பெட்டை அடைகாக்கும்போது இரை கொண்டுவருவது ஆண்தான்.

இப்படிப் பட்டப்பகலில் கண்ணெதிரே உட்காரும் பறவையை 113 வருடம் யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை! 1873இல் பறவை ஆய்வாளர் ஹ்யூம் இதை விவரித்து எழுதினார், 1884க்குப் பிறகு நம்பகமான பதிவே இல்லை. நடுவில் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1914இல் குஜராத்தில் மாண்ட்வி அருகே ஒன்றைப் பிடித்ததாகக் கணக்குக் காட்டியிருந்தார். அது அருங்காட்சியகத்திலிருந்து திருடி, பிரித்து மறுபடி பஞ்சு அடைத்து, பிடித்த இடத்தையும் தேதியையும் பொய்யாக எழுதிய சீட்டு ஒட்டிய, பதப்படுத்தப்பட்ட பழைய பறவை என்று அமெரிக்கப் பறவை ஆய்வாளர் பமேலா ராஸ்முசென் கண்டுபிடித்தார். அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ராஸ்முசென் குழு, பழைய உண்மையான மாதிரிகள் கிடைத்த ஊர்களுக்கே போனது. 1997 நவம்பர் 25, மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே, காலை வெளிச்சத்தில் மரத்தில் உட்கார்ந்திருந்தது.

அப்புறம் அதே மாநிலத்தின் மேல்காட், தோரண்மால், யாவல் காடுகளிலும், 2014இல் மும்பைக்குப் பக்கத்திலுள்ள தான்சாவிலும் கண்டார்கள். ஆனாலும் அழியும் ஆபத்திலுள்ள பறவைதான். பொந்துள்ள முதிர்ந்த மரங்களை விறகுக்கும் விவசாயத்துக்கும் வெட்டிவிட்டால் முட்டையிட இடம் ஏது?

மேல்காட் பக்கம் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். படம் எடுக்க வேண்டும் என்பதற்காகச் செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை புகுந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது பதறிப்போய்ப் பதில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.