கொய்யா கவாத்து: எட்டு வாரம் ஆச்சு

வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று குடை பிடித்த மாதிரி இருக்கும் மரம், காய் மட்டும் உச்சியிலும் ஓரத்திலும்தான். இலையை விலக்கிக் கையை உள்ளே விட்டால் வெறும் குச்சியும் சருகும். இத்தனை இலை இருந்தும் ஏன் இப்படி என்று போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப்பைப் போட்டு உச்சிவெயிலில் அளந்தேன்: வெட்டவெளியில் 95,000, மரத்துக்குள் தண்டை ஒட்டி 1,800. போன் அளவை அப்படியே நம்ப முடியாதுதான், ஆனால் 50 மடங்கு வித்தியாசத்தை எந்தக் கோளாறும் உண்டாக்காது.

ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய சிவப்பு, நீல ஒளியில் பெரும்பகுதியை மேல் இலையே குடித்துவிடும், மூணாவது அடுக்கு இலைக்குப் போவது மிச்சம் மீதிதான். அந்த மங்கலில் இலை தயாரிக்கிற சர்க்கரையும் சுவாசத்துக்கு எரிக்கிற சர்க்கரையும் ஏறக்குறைய சரிக்குச் சரி, காய்க்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. உச்சி இலைக்கோ முழு வெயிலில் பாதிகூடத் தேவையில்லை, அதற்கு மேல் கிடைப்பதை வைத்து அதனால் கூடுதலாக எதுவும் செய்ய முடிவதில்லை.

சரி என்று ஒரே மதியத்தில் நடுக்கிளைகள் நாலையும் குறுக்கே ஓடியவற்றையும் வெட்டித் தள்ளினேன். அங்கேதான் சொதப்பினேன். நாலாம் நாள் உள்பக்கத்து இலைகள் வெளுத்து, அப்புறம் பழுப்பாகிக் கருகின. ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தால் பாதி கருகல், பாதி நல்ல பச்சை, நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு. மேலே இன்னொரு இலை மறைத்திருந்த இடம் மட்டும் தப்பித்திருக்கிறது! நிழலில் வளர்ந்த இலை மெல்லிசாக, அகலமாக, கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிப்பதற்கென்றே அமைந்தது, திடீரென்று முழு வெயில் கொட்டினால் பிடித்த ஒளியைச் செலவழிக்க வழி தெரியாமல் தன்னையே கெடுத்துக்கொள்கிறது. மேகமூட்டமான நாட்களாகப் பார்த்து இரண்டு மூன்று தவணையில் வெட்டியிருக்கணும்.

மூன்றாம் வாரம் துளிர் வந்தது. நுனி போனதும் அங்கிருந்து இறங்கி, கீழ் மொட்டுகளை அடக்கி வைக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் நின்றுபோய், அதுவரை தூங்கிய கணு மொட்டுகள் விழித்துக்கொள்ளும். வேர் பழைய அளவிலேயே இருக்க இலை குறைந்ததால், மிஞ்சிய ஒவ்வொரு இலைக்கும் தண்ணீரும் தழைச்சத்தும் தாராளம். அதன் ஒளிச்சேர்க்கை வேகமும் கூடும் என்கிறார்கள். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை, ஆனால் முன்பு மதியம் தொங்கிப்போகும் இலைகள் இப்போது விறைப்பாக நிற்கின்றன. அதற்காக மொத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம், புது இலை முற்றும் வரை மரத்துக்கு நஷ்டக் கணக்குதான். நேர் மேலே ஈட்டி மாதிரி எழும்பிய நீர்ப்போத்துகள் ஏழெட்டையும் இளசாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிட்டேன், விட்டிருந்தால் மறுபடி கூரை போட்டிருக்கும்.

இன்று அதே இடத்தில், அதே நேரத்தில் 14,000. புதுத் துளிரில் மூன்றாம் ஜோடி இலைக் கக்கத்தில் மிளகு அளவுக்குப் பூமொட்டு, உள்பக்கம் மட்டும் 11 எண்ணினேன். மேற்குப் பக்கத்துப் பெரிய கிளை ஒன்று இன்னும் பாக்கி. பிற்பகல் வெயிலை அதுதான் தடுக்கிறது, இந்த இலைகள் தடித்து முற்றும் வரை அதில் கத்தி வைப்பதாக இல்லை.