கேம்ப் அழைப்பும் பதினாறு பாடங்களும்: ஒரு தாயின் அனுபவம்

என் மகன் ஒன்பதாம் வகுப்பை முடிப்பதற்கு முன்பே, ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியிடமிருந்து அவன் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கோடைக்கால கேம்ப்புக்கு, அதாவது பயிற்சி முகாமுக்கு, வருமாறு அழைத்திருந்தார்கள். கீழே தலைமைக் கோச்சின் கையெழுத்து வேறு இருந்தது. ஹூஸ்டன் புறநகரில் வசிக்கும் நாங்கள், ஏதோ இடமே கிடைத்துவிட்டதுபோல் அன்றிரவு ஊருக்குப் போன் செய்து சொன்னோம். என் அப்பா அதை நம் ஊர்க் கால்பந்து என்று எண்ணி மகிழ்ந்தார்; அவரை நான் இன்னும் திருத்தவில்லை.

அந்த மின்னஞ்சலுக்கு நாங்கள் நினைத்த பொருள் இல்லை என்பது தெரிய ஓராண்டு ஆயிற்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி ஒரு கல்லூரி நடத்தும் கேம்ப்பில், வயது, வகுப்பு, மொத்த எண்ணிக்கை ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு, பணம் கட்டும் எந்த மாணவனும் சேரலாம். கேம்ப் விளம்பரத்தை எந்த வயது மாணவனுக்கும் அனுப்பலாம். ஆனால் டிவிஷன் ஒன்று எனப்படும் மேல்நிலைப் பிரிவின் ஃபுட்பால் அணி, ஒரு மாணவனை உண்மையிலேயே எடுக்க நினைத்து எழுதும் கடிதம், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகுதான் வர முடியும். ஆகவே அதற்கு முன் அத்தகைய அணியிடமிருந்து வரும் 'அழைப்பு' எதுவாயினும், அதை விளம்பரமாகவே கொள்ளுங்கள். கேம்ப்புக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள் என்கிறேன்.

மகன் கிக்கர், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவன். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய ஜூன் மாதத்தில் முதல் கேம்ப்புக்கு அழைத்துச் சென்றேன். காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை கொதித்தது. வாசல் மேசையில் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எண் அச்சிட்ட ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்தார்கள்; அன்று முழுவதும் அவனுக்கு அந்த எண்தான் பெயர். ஓடுபவர்களையும் பந்தைப் பிடிப்பவர்களையும் சுற்றித்தான் கோச்சுகளின் கூட்டம் இருந்தது. கிக்கர்கள் மைதானத்தின் கோடியில், ஒரே ஒரு கோச்சுடன் நின்றிருந்தார்கள். உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில், கம்பங்களுக்கு நடுவே உதைக்கும்போது பந்தை இரண்டு அங்குல உயரம் வரையுள்ள கட்டையின்மேல் வைக்கலாம். கல்லூரி ஆட்டத்தில் 1989-லிருந்து அதற்கு இடமில்லை. பந்து தரையில்தான் இருக்க வேண்டும். அதை அறியாமல் கட்டையோடு போன என் மகனின் முதல் நான்கு உதைகளும் தாழ்வாகவே போயின. ஐந்தாவது உதை கம்பங்களுக்கு நடுவே சென்றதும் கோச் அவனருகே வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை கெஜம் உதைப்பாய் என்பதன்று, "ஜிபிஏ எவ்வளவு?" என்பதுதான். ஜிபிஏ என்பது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. மகன் பெருமையோடு 3.1 என்றான். "அது பள்ளி போட்ட கணக்கு. கோர் ஜிபிஏ எவ்வளவு?" என்று அவர் திரும்பக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை, வேலியோரம் நின்ற எனக்கும் தெரியவில்லை. நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள் என்பதால் அந்தக் கேள்வி எனக்குச் சற்று அதிகமாகவே உறைத்தது.

டிவிஷன் ஒன்று அணியில் முதலாண்டே ஆட, உயர்நிலைப் பள்ளியில் 'கோர்' எனப்படும் அடிப்படைப் பாடங்கள் பதினாறை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் நான்கு ஆண்டுகள், அல்ஜிப்ரா ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இம்மூன்றில் ஏதேனும் ஒன்றில் இன்னுமோர் ஆண்டு, சமூக அறிவியல் இரண்டு, இவற்றிலிருந்தோ வேற்று மொழி போன்றவற்றிலிருந்தோ மேலும் நான்கு. இந்தப் பதினாறின் சராசரி குறைந்தது 2.3 இருக்க வேண்டும். பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) இருக்கும் உடற்கல்வியும் ஓவியமும் உடல்நலப் பாடமும் இந்தக் கணக்கில் சேரா. மகனின் 3.1-ஐ நான் இப்படிப் பிரித்துக் கணக்கிட்டபோது 2.7 ஆனது. வரம்புக்கு மேலேதான் என்றாலும், அந்த வித்தியாசம் எங்கே போயிற்று என்று தேடியபோதுதான் பெரிய ஓட்டை கண்ணில் பட்டது.

பெற்றோர் பலர் தவறவிடும் விதி இது. பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் அந்தப் பத்தின் மதிப்பெண்கள் பூட்டப்பட்டுவிடும். பிறகு திரும்பப் படித்தும் உயர்த்த முடியாது. கடைசி ஆண்டில் முட்டி மோதித் தேறிவிடலாம் என்ற நம் ஊர்ப் பொதுத்தேர்வுக் கணக்கு இங்கே செல்லாது.

டெக்சாஸில் 1984-இலிருந்து 'நோ பாஸ் நோ ப்ளே' சட்டம் உண்டு; ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். பத்தாம் வகுப்பின் இலையுதிர் பருவத்தில் மகன் ஜியோமெட்ரியில் 68 வாங்கி மூன்று வாரம் வெளியே உட்கார்ந்தான். அந்தப் பருவத்தின் முடிவிலும் 70 வரவில்லை. பள்ளி அவனைக் கோடையில் ஒரு இணையவழிப் பாடத்தில் சேர்த்துவிட்டது. ஆசிரியர் யாரும் இல்லை, திரையில் கேள்விக்கு விடை தட்டிக்கொண்டே போகலாம். ஒன்பது நாளில் முடித்தான். டிரான்ஸ்கிரிப்டில் கிரெடிட் ஏறியது; கவுன்சிலர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பள்ளிப் படிப்பை முடிக்க அது போதும்தான். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் என்சிஏஏ ஏற்றுக்கொண்ட பாடங்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருக்கிறது. பதினோராம் வகுப்பின் ஏப்ரலில், சாப்பாட்டு மேசையில் டிரான்ஸ்கிரிப்டை ஒரு பக்கமும் அந்தப் பட்டியலை மறுபக்கமும் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தபோது, அந்த அரைக் கிரெடிட்டுக்கு மட்டும் எதிரே ஒன்றும் இல்லை. ஆசிரியரோடு தொடர்பில்லாத பாடங்களை என்சிஏஏ ஏற்பதில்லை. கவுன்சிலரிடம் கோபித்துப் பயனில்லை. அவர் பார்ப்பது வேறு கணக்கு. அந்தக் கோடையில் மாவட்டக் கோடைப்பள்ளியில், ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, மகன் அதே அரை ஆண்டை மறுபடி படித்தான். பட்டியலை ஏப்ரலில் பார்க்காமல் செப்டம்பரில் பார்த்திருந்தால் அந்தக் கோடை கையில் இருந்திருக்காது.

இவ்வளவு கறார் ஏன் என்று மகன் எரிச்சலோடு கேட்டான். காரணம் இருக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அடிப்படை ஆங்கிலத்தில் தேறாத ஃபுட்பால் வீரர்களை நிர்வாகம் தேறியதாகக் காட்டியதை எதிர்த்த ஜேன் கெம்ப் என்ற ஆசிரியை வேலையை இழந்து, 1986-இல் நீதிமன்றத்தில் வென்றார். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் ஆடிப் பின் தொழில்முறை ஆட்டக்காரரான டெக்ஸ்டர் மேன்லி, தமக்குப் படிக்கவே தெரியாமல் இருந்தது என்று 1989-இல் செனட் குழுவின் முன் கண்ணீரோடு சொன்னார். 1986-இல் நடைமுறைக்கு வந்த என்சிஏஏவின் முதல் பெரிய வரம்பு பதினோரு பாடங்களும், 2.0 சராசரியும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 700 மதிப்பெண்ணும் கேட்டது. அந்தத் தேர்வு மதிப்பெண் ஏழைக் கறுப்பின மாணவர்களையே அதிகமாக வடிகட்டுகிறது என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது. விதியை மேலும் இறுக்க முயன்றபோது, 1989 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் கூடைப்பந்துக் கோச் ஜான் தாம்ப்சன் ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்தை விட்டு வெளியேறினார். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 2023 ஜனவரியில் என்சிஏஏ தேர்வு மதிப்பெண்ணைத் தன் தகுதி விதியிலிருந்து நீக்கிவிட்டது. அதற்காக எஸ்ஏடியை விட்டுவிடாதீர்கள். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்போல அதை மறுபடி கட்டாயமாக்கிய கல்லூரிகள் உள்ளன.

ஆனால் 2.3 என்பது உள்ளே நுழையும் வாசலின் உயரம் மட்டுமே. உள்ளே என்ன படிக்க வைக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் தரும் பாடங்கள் பதினெட்டு ஆண்டுகள் ஓடியதையும், 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அவற்றில் சேர்ந்திருந்ததையும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்பதையும் 2014-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை காட்டியது. அந்தப் பாடங்கள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதால் 2017-இல் என்சிஏஏ அதற்குத் தண்டனை எதுவும் விதிக்க முடியாமல் போயிற்று.

பின்னாளில் கேம்ப்புகளால் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய ஃபுட்பால் கோச் ஜிம் ஹார்பாவின் கதையும் இங்கே பொருந்தும். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு கோச்சாக இருந்தபோது, தாம் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆட்டக்காரர்களை எளிய பாடங்களின் பக்கம் தள்ளுகிறது என்றும், வரலாறு படிக்க விரும்பிய தம்மையே வேண்டாம் என்று தடுத்தார்கள் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் அதே மிச்சிகனுக்குக் கோச்சாகிப் பிற மாநிலங்களில் கேம்ப் நடத்தினார். தங்கள் பகுதி ஆட்டக்காரர்களை அவர் இழுத்துக்கொள்வார் என்று தென்பகுதி அணிகள் கொதித்தன. 2016 ஏப்ரல் 8-இல் என்சிஏஏ அத்தகைய கேம்ப்புகளுக்குத் தடை விதித்தது. தொலைதூர வளாகங்களுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளின் வாய்ப்பு போகிறது என்ற எதிர்ப்பால் அதே மாதம் 28-இல் தடை விலகியது. அடுத்த ஆண்டு, இத்தகைய கேம்ப்புகளை ஜூன், ஜூலையில் பத்து நாள்களுக்குள், கல்லூரி வளாகத்திலோ கல்லூரி அணி வழக்கமாகப் பயன்படுத்தும் இடத்திலோ மட்டும் நடத்த வேண்டும் என்ற விதி வந்தது. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு: ஒரு வளாகத்தில் நடக்கும் கேம்ப்புக்குப் பல கல்லூரிகளின் கோச்சுகள் வந்து பயிற்சி தருகிறார்கள். ஐந்து இடங்களுக்கு மோட்டலும் பெட்ரோலும் செலவழிப்பதைவிட அத்தகைய ஒன்றுக்குப் போவது மேல். முதல் கோடையில் நாங்கள் நான்கு கேம்ப்புகளுக்குப் போய்க் காசைக் கரைத்தோம்.

கேம்ப்பில் பெற்றோருக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். மதிய இடைவேளையில் நான் ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டேன்: உங்கள் மூன்றாம் ஆண்டு வீரர்கள் என்ன மேஜர் (முதன்மைப் பாடம்) படிக்கிறார்கள்? பெரும்பாலானோர் ஒரே மேஜரில் இருந்தால், பயிற்சி நேரத்தோடு மோதாத பாடம் அது ஒன்றுதானா என்று அடுத்துக் கேளுங்கள். பிற்பகல் ஆய்வகம் உள்ள வேதியியலை ஆட்டப் பருவத்தில் எடுத்தவர் யாராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஒரு கோச் இதற்குச் சிரித்துவிட்டு நகர்ந்தார். இன்னொருவர், ஒரு சிறிய டிவிஷன் மூன்று கல்லூரியைச் சேர்ந்தவர், தம் கிக்கர் உயிரியல் படிப்பதாகச் சொல்லி அவன் கால அட்டவணையையே விவரித்தார்.

டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, 2.3 கணக்கும் கிடையாது. சேர்க்கும் தகுதியைக் கல்லூரியே முடிவு செய்யும். கோச் விரும்பினால், பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் மாணவனின் டிரான்ஸ்கிரிப்டைச் சேர்க்கை அலுவலகத்திடம் கொடுத்து, விண்ணப்பித்தால் தேறுவானா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லலாம். மூன்றாண்டு டிரான்ஸ்கிரிப்டையும், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்களின் பட்டியலையும், எஸ்ஏடி மதிப்பெண்ணையும் அந்தச் சிறிய கல்லூரிக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்து ஒரு கேள்வி வந்தது: ஜியோமெட்ரியின் அதே அரை ஆண்டு ஏன் இரண்டு முறை இருக்கிறது? பதிலை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம்மா, நானே எழுதறேன்" என்றான். முதல் முறை கற்காமல் கிரெடிட் மட்டும் வாங்கியதை ஒளிக்காமல் நான்கு வரியில் எழுதி அனுப்பினான். இப்போது அங்கேதான் படிக்கிறான்; கட்டணத்தில் ஒரு பகுதியைப் படிப்புக்கான உதவித்தொகை அடைக்கிறது, மீதியை நாங்கள் கட்டுகிறோம்.