லீட்ஸ் இடைக்கால மாநாடு: சின்ன அறைகளைத் தேடிப் போங்கள்

இங்கிலாந்து போகிற நம் ஆட்கள் லீட்ஸுக்குப் போவது அபூர்வம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான், ஆனாலும் அதே ஸ்டேஷனில் யார்க்குக்கோ எடின்பரோவுக்கோ ஏறிவிடுகிறார்கள். ஜூலை மாதத் தொடக்கத்தில் மட்டும் நிலைமை வேறு. ஐரோப்பிய இடைக்காலத்தை, அதாவது சுமார் 5 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை, படிக்கிறவர்கள் 2000 பேருக்கு மேல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வந்து இறங்குகிறார்கள். சர்வதேச இடைக்கால மாநாடு என்று 1994-ல் ஆரம்பித்தது, இந்தத் துறைக்கு ஐரோப்பாவிலேயே பெரிய கூட்டம் இதுதான். நான் 2024-ல் போனேன். மடாலயங்களின் கணக்கு ஏடுகளை ஆராய்கிற தோழி ஒருத்தி கட்டுரை வாசிக்கப் போனாள், நான் கேட்பதற்காகப் பதிவு செய்துகொண்டு கூடவே போனேன்.

வுட்ஹவுஸ் லேனில் வெள்ளைக் கல் மணிக்கூண்டோடு நிற்கும் பார்க்கின்சன் கட்டடம்தான் எல்லோருக்கும் அடையாளம். உள்ளே நுழைந்ததும் பெரிய கூடம், அதில் புத்தகக் கண்காட்சி. பெல்ஜியத்தின் பிரெபோல்ஸ், நெதர்லாந்தின் பிரில் என்று இந்தத் துறைக்கே வாழ்கிற பதிப்பகங்கள் மேசை போட்டிருக்கின்றன. விலைதான் கையைச் சுடும். மாணவர்கள் ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே பாதி அத்தியாயம் படித்துவிட்டு வைப்பதைப் பார்க்கலாம், விற்பனையாளர்களும் ஒன்றும் சொல்வதில்லை. பழைய புத்தக வியாபாரிகளும் ஆரம்ப நாட்களில் தனியாகக் கடை விரிக்கிறார்கள், முதலில் அங்கே போங்கள்.

நடைமுறை எளிது. ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் மூன்று பேர், ஆளுக்கு 20 நிமிடம், மிச்ச நேரம் கேள்விகளுக்கு. ஒவ்வொரு வருடமும் ஒரு சிறப்புப் பொருள் உண்டு: 2022-ல் எல்லைகள், 2023-ல் வலைப்பின்னல்கள், நான் போன வருடம் நெருக்கடி. (கடைசி நாளான ஜூலை 4 அன்றுதான் பிரிட்டனில் பொதுத்தேர்தல், தேநீர் வரிசையில் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான்.) சிக்கல் என்னவென்றால் ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் அமர்வுகள் நடக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதெல்லாம் போச்சு. பெரிய அரங்கில் பெரிய பேராசிரியர் பேசுவதைக் கேட்கத்தான் முதலில் மனசு ஓடும். என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் புத்தகமாக வந்துவிடும். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிற சின்ன அறையைத் தேடிப் போங்கள், அங்கேதான் இந்தத் துறை உயிரோடு இருக்கிறது.

அப்படி நுழைந்த ஒரு அறையில் பேச்சு தோல்தாளைப் பற்றி. ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, சுரண்டி எடுக்கிற எழுதுபொருள். 13-ஆம் நூற்றாண்டில் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்ன பைபிள்கள் ஏராளமாகத் தயாராயின, அவற்றின் தாள் அவ்வளவு மெல்லியது, ஆகவே பிறக்காத கன்றின் தோல் என்றும் முயல் அணில் தோல் என்றும் வெகுகாலம் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான யார்க்கின் பல்கலைக்கழகக் குழு ஒன்று சாதாரண அழிரப்பரால் தாளை மெதுவாகத் தேய்த்து, அந்தத் துகளில் ஒட்டிய புரதத்தைச் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டது: கன்று, வெள்ளாடு, செம்மறி, இவ்வளவுதான். மெல்லிசாக இருந்ததற்குக் காரணம் பதப்படுத்தியவர்களின் கைத்திறன். ஏட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் இதைக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்னமும் பிரமிப்பாக இருக்கிறது.

அப்புறம் பத்திரங்கள். இங்கிலாந்தின் பழைய சொத்துப் பத்திரங்கள் அநேகமாக எல்லாமே செம்மறித்தோல். மலிவு என்பது ஒரு காரணம். ஆனால் செம்மறித்தோலில் அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு அதிகம், பதப்படுத்தும்போது அது போய்விட்டால் அடுக்குகள் லேசாகப் பிரிந்து நிற்கும், எழுத்தைச் சுரண்டித் திருத்தப் பார்த்தால் மேலடுக்கு உரிந்து தடம் அப்பட்டமாகத் தெரியும். அரசுக் கணக்கைச் செம்மறித்தோலில் எழுதுங்கள், திருத்தினால் தெரிந்துவிடும் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே மன்னர் இரண்டாம் ஹென்றியின் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதி வைத்திருக்கிறார். நம் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் மாதிரி அவர்களுக்குச் செம்மறித்தோல். கேள்வி நேரத்தில் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி, தடவிப் பார்த்தே எது செம்மறி என்று தன்னால் சொல்லமுடியும், முடி இருந்த பக்கத்தின் நிறம் வேறு, மயிர்க்கால் புள்ளிகளின் ஒழுங்கு வேறு என்று விளக்க ஆரம்பித்தார். அமர்வு நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, அடுத்த அமர்வுக்காரர்கள் கதவருகே வந்து நின்ற பிறகுதான் கலைந்தோம்.

ஒரு வருத்தமும் உண்டு. பதிவுக் கட்டணம், தங்குமிடம், விமானம், விசா எல்லாம் சேர்ந்தால் இந்தியாவிலிருந்து ஒரு ஆய்வு மாணவர் சொந்தக் காசில் வருவது கஷ்டம். உதவித்தொகை நிதி இருக்கிறது, எல்லோருக்கும் போதாது. 2020-ல் கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறிய மாநாடு, 2022 முதல் நேரிலும் இணையத்திலுமாக நடக்கிறது. அது தொடரவேண்டும், இந்த விஷயத்தில் யாரும் செலவைக் காரணம் காட்டிப் பின்வாங்கக் கூடாது.

லீட்ஸ் வரை போய்விட்டு கிர்க்ஸ்டால் மடாலயத்தைப் பார்க்காமல் வராதீர்கள். ஊருக்கு நடுவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், ஏர் ஆற்றங்கரையில் நிற்கிறது. சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகள் 1152-ல் அங்கே குடியேறினார்கள், எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1539-ல் மூடப்பட்டது. அதன்பிறகு கூரை போய், 1779-ல் கோபுரத்தின் பெரும்பகுதி இடிந்து, ஒரு காலத்தில் லீட்ஸுக்குப் போகும் சாலையே தேவாலய நடுக்கூடத்தின் வழியாக ஓடியிருக்கிறது. அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு தோழி, சமையலறை எங்கே, கணக்கு எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவளுடைய கட்டுரை அப்போதுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு: தனிக் கட்டுரையை வழக்கமாக முந்தைய வருடம் ஆகஸ்ட் இறுதிக்குள் அனுப்பவேண்டும், முழு அமர்வாக என்றால் செப்டம்பர் இறுதி. கேட்க மட்டும் போகிறீர்கள் என்றாலும் அறையைச் சீக்கிரம் பதிவு செய்துவிடுங்கள், அந்த வாரம் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இடம் கிடைப்பது சிரமம்.